ஒரு மாட்டுக்கு எத்தனை ஆடு?

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஹாலந்து, டென்மார்க், நியூசிலாந்து என்று எங்கே இருந்தாலும், பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டி இருபது நிமிடம் போனால் அந்த உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். வயல் ஓரத்தில் வரிசையாகக் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி உட்கார்ந்திருக்கும். சில இடத்தில் பச்சை. சில இடத்தில் இளஞ்சிவப்பு; அது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக. பின்சீட்டில் இருந்து "அது என்னப்பா?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

அது சைலேஜ். நம்ம ஊர் கால்நடைத் துறை இதற்கு வைத்திருக்கும் பெயர் ஊறுகாய்ப்புல். இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இருக்க வாய்ப்பில்லை என்பது என் கருத்து. புல்லை வெட்டி, ஒரு நாள் போல வாடவிட்டு, இறுக்கமாக உருட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கால் நாலைந்து சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜன் தீர்ந்ததும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். புல்லில் இருக்கும் சர்க்கரையைச் சாப்பிட்டு அமிலமாக்கும். பி.எச். சுமார் 4க்கு வந்துவிட்டால் வேறு கெட்ட கிருமி வளர முடியாது; புல் அப்படியே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். தயிர் உறைவதும், இட்லி மாவு புளிப்பதும் இதே குடும்பத்து வேலைதான். பிள்ளைகளிடம் "மாட்டோட ஊறுகாய்" என்று சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

நான் இருக்கும் வட அயர்லாந்தில் மே மாத நடுவில் முதல் அறுவடை, ஜூலையில் இரண்டாவது. அக்டோபர் வாக்கில் மாடுகள் கொட்டகைக்குள் போய்விடும். ஏப்ரல் வரை இந்த ஊறுகாய்தான் சாப்பாடு.

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் இந்த மாதம் ஏன் மாட்டுத் தீவனத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம், காங்கேயம் பக்கத்தில் இருக்கும் என் மாமா. அம்மாவின் தம்பி.

மாமாவின் கணக்கு

மாமாவிடம் இரண்டு கலப்பினக் கறவை மாடும் இருபத்தைந்து மேச்சேரி ஆடும் இருக்கின்றன. போன வருடத்தில் இருந்து மாடுகளுக்கு மக்காச்சோள சைலேஜ் வாங்கிப் போடுகிறார். ஐம்பது கிலோ மூட்டையாக வருகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கு நானும் என் பெரியம்மா மகனும் அனுப்புகிறோம். இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களில் பல பேர் வீட்டிலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார்கள். ஊரில் பண்ணை, வெளிநாட்டில் பணம், நடுவில் ஒரு வாட்ஸ்அப் குழு.

அந்தக் குழுவில் மாமா ஒரு குரல் பதிவு போட்டார். "மாப்ள, ஆட்டுக்கும் இதையே போட்டுறலாம்னு பார்க்கறனுங்க. ஆடு என்னங்க, சும்மா கொறிக்கும். மாட்டுக்குப் பக்கத்துலயே போட்டா முடிஞ்சுது. பத்து ஆடு ஒரு மாட்டுக்குச் சமம்னு சொல்லுவாங்கல்ல, அப்படின்னா இன்னும் ரெண்டரை மாட்டுக்குத் தீனி, அவ்வளவுதானுங்களே?"

கேள்வி நல்ல கேள்வி. "பத்து ஆடு ஒரு மாடு" என்பதும் மாமா சும்மா சொன்னது இல்லை. ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டே ஒரு கறவை மாட்டை 1 கால்நடை அலகு என்றும், ஒரு செம்மறி ஆட்டை 0.1 என்றும்தான் எண்ணுகிறது. ஆனால் அந்தப் பத்து, எந்த மாட்டையும் எந்த ஆட்டையும் பற்றியது? அதுதான் விஷயம். பணம் அனுப்புகிறவனுக்கு இது வெறும் பொது அறிவு இல்லையே.

முதலில் தண்ணீரை வடிகட்டுங்கள்

"மாடு ஒரு நாளைக்கு ஐம்பது கிலோ சைலேஜ் தின்னும்" என்று யாராவது சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. எத்தனை கிலோ தண்ணீர், எத்தனை கிலோ தீவனம் என்று தெரியாது. ஒரு தட்டு ரசம் சாதமும் ஒரு தட்டு வெண்பொங்கலும் எடையில் ஒன்றாக இருக்கலாம். வயிற்றுக்குள் போகும் அரிசி ஒன்றா?

அதனால் தீவனக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் உலர் எடையில்தான் பேசுவார்கள். தண்ணீர் எல்லாம் போன பிறகு மிஞ்சுவது. புல் சைலேஜில் அது பெரும்பாலும் 25 முதல் 35 சதவீதம். மழையில் வெட்டியது என்றால் இன்னும் கீழே போகும். 25 சதவீத சைலேஜ் ஐம்பது கிலோ தின்றால் உள்ளே போன தீவனம் பன்னிரண்டரை கிலோ. 35 சதவீதம் என்றால் பதினேழரை. ஒரே ஐம்பது, ஐந்து கிலோ வித்தியாசம். விலை பேசும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஈரமான மூட்டையை வாங்குகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்.

வகுக்கிற எண் மாறினால் ஜெயிக்கிற ஆள் மாறும்

இப்போது ஆட்டையும் மாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாக இருந்த இன்ரா பல பத்தாண்டுகளாக இதை அளந்து ஒரு முறையே உருவாக்கி வைத்தது. நல்ல இளம் புல்லை வயிறு நிறையத் தின்ன விட்டால் எது எவ்வளவு தின்னும் என்பது அதன் அடிப்படை. அவர்களுடைய அளவுகோலில் போட்டால், 600 கிலோ கறவை மாடு ஒரு நாளைக்கு 17 கிலோ உலர் எடை தின்னும். 60 கிலோ செம்மறி ஆடு சுமார் 1.6 கிலோ. பால் கறக்காத 400 கிலோ கிடாரி எட்டரை கிலோ.

மொத்தமாகப் பார்த்தால் மாடு ஜெயித்தது. பத்தரை மடங்கு.

உடல் எடையால் வகுத்துப் பாருங்கள். கறவை மாடு தன் எடையில் 2.8 சதவீதம் தின்கிறது. ஆடு 2.7. கிட்டத்தட்ட டிரா. கிடாரியோ வெறும் 2.1 சதவீதம். அதாவது கிலோவுக்குக் கிலோ பார்த்தால் "சும்மா கொறிக்கிற" ஆடு, கிடாரியைத் தாண்டிவிட்டது.

மூன்றாவதாக ஒரு வகுத்தல் இருக்கிறது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932இல் எலியில் இருந்து எருது வரை வெவ்வேறு பிராணிகள் சும்மா இருக்கும்போதே எவ்வளவு சக்தி செலவழிக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார். எடை இரண்டு மடங்கு ஆனால் தேவை இரண்டு மடங்கு ஆவதில்லை. எடையின் முக்கால் அடுக்காகத்தான் ஏறுகிறது, அதாவது 0.75. பயப்பட வேண்டாம், சாதாரண கால்குலேட்டரில் போடலாம். வர்க்கமூலம் இரண்டு தடவை அழுத்துங்கள். வந்த எண்ணை மூன்று முறை பெருக்குங்கள். 16 என்று போட்டால் முதலில் 4, பிறகு 2, கடைசியில் இரண்டு இரண்டு இரண்டு, எட்டு. எடை 16 மடங்கு ஆனால் சக்தித் தேவை 8 மடங்குதான். எடை 10 மடங்கு ஆனால் தேவை 5.6 மடங்கு.

ஆக 600 கிலோ மாடும் 60 கிலோ ஆடும் ஒன்றும் செய்யாமல் உயிரோடு நிற்பதற்கு மட்டும் என்றால், ஒரு மாட்டுக்கு ஐந்தரை ஆடுதான் சமம். பத்து இல்லை. அப்புறம் பத்து எங்கிருந்து வந்தது? பாலில் இருந்து. கறவை மாடு தன் உயிருக்கு மட்டும் தின்னவில்லை, நம் காபிக்கும் சேர்த்துத் தின்கிறது. அந்த முக்கால் அடுக்கு எடைக்கு ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டால், இன்ராவின் எண்கள் ஆட்டுக்கு 75, கிடாரிக்கு 95, கறவை மாட்டுக்கு 140. இங்கே கறவை மாடு தனியாக எங்கேயோ ஓடிவிட்டது.

மூன்று வகுத்தல், மூன்று முடிவு. எண் எதுவும் பொய் சொல்லவில்லை. எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் "யார் அதிகம் சாப்பிடுகிறார்?" என்று கேட்பதில்தான் சிக்கல்.

வயிறு ஒரு பக்கம், பசி ஒரு பக்கம்

இதுவரை பேசியது நல்ல பச்சைப் புல். சைலேஜ் என்று வந்ததும் ஆட்டுக்குக் கொஞ்சம் கஷ்டகாலம்.

காரணம் எளிது. பசி முக்கால் அடுக்கில் ஏறுகிறது என்றேன். ஆனால் வயிற்றின் கொள்ளளவு ஏறக்குறைய உடல் எடைக்கு நேராகவே ஏறுகிறது. மாட்டின் எடை பத்து மடங்கு என்றால் அசைபோடும் பெரிய இரைப்பையும் பத்து மடங்கு. பசியோ ஐந்தரை மடங்குதான். அதனால் மாட்டிடம் இடம் தாராளம். முரட்டுத் தீவனத்தை உள்ளே வைத்து நிதானமாக ஊறவைத்துச் செரிக்கலாம். ஆட்டிடம் அந்த வசதி இல்லை. சின்னப் பாத்திரம், பெரிய பசி. உள்ளே போனது சீக்கிரம் பொடியாகி வெளியேறினால்தான் அடுத்த வாய்க்கு இடம்.

அதனால்தான் ஆடு நன்றாக மென்று அரைக்கிறது. இதற்கு ஆய்வகம் வேண்டாம், சாணத்தைப் பார்த்தாலே போதும். ஆட்டுப் புழுக்கையில் நார் நைசாக இருக்கும். மாட்டுச் சாணத்தில் முழுத் தானியம்கூடக் கிடக்கும். இங்கே உள்ள விவசாயிகள் ஆட்டுக்குக் கோதுமை, பார்லியை முழுசாகவே போடுவார்கள். மாட்டுக்கு அதையே நசுக்கித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வீணாகிவிடும்.

சைலேஜில் இது எப்படி வெளிப்படுகிறது? நீளமாக, வெட்டாத சைலேஜைப் போட்டால் ஆடு சாப்பிடும் அளவு நன்றாகவே குறைந்துவிடும். அதையே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கிப் போட்டால் ஆடு கூடுதலாகத் தின்னும். மாட்டுக்கு நறுக்குவதால் வரும் லாபம் கொஞ்சம்தான். ஒரே புல்லை உலர்த்தி வைக்கோல் போலவும், ஊறவைத்து சைலேஜாகவும் கொடுத்துப் பார்த்தால் சைலேஜைப் பொதுவாகக் குறைவாகத்தான் தின்னும். அந்தக் குறைவும் ஆட்டிடம்தான் அதிகம். இன்ரா ஒரே தீவனத்துக்கு ஆட்டுக்கு ஒன்று, கறவை மாட்டுக்கு ஒன்று, மற்ற மாடுகளுக்கு ஒன்று என்று மூன்று தனித்தனி "வயிறு நிரப்பும்" எண் கொடுப்பதன் காரணமே இதுதான். ஒரே உருண்டைதான், அது நிரப்புகிற வயிறு வேறு வேறு.

எங்கள் வீட்டில் இருந்து கொஞ்ச தூரத்தில் ஹில்ஸ்பரோ இருக்கிறது. அரண்மனை பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கால்நடைத் தீவன உலகத்தில் அந்த ஊருக்கு வேறு பெயர். அங்கே இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சைலேஜ் பற்றிப் பல வருடங்களாக வேலை நடந்திருக்கிறது. ஆடு தின்பதை வைத்து மாடு தின்பதைக் கணிக்க முடியுமா என்பதையே ஒரு ஆய்வுக் கேள்வியாக எடுத்துப் பார்த்த இடம் அது. ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாட்டை வைத்துச் சோதனை செய்ய ஒரு நாளைக்குப் பதினேழு கிலோ வேண்டும். ஆட்டுக்கு ஒன்றரை போதும். எங்கள் தொழிலில் சொல்வதென்றால் ஆடு ஒரு ஸ்டேஜிங் சர்வர். சின்னது, மலிவு, உடைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு தீவனம் எவ்வளவு செரிக்கும் என்பதை அளக்க உலகம் முழுக்க ஆட்டைத்தான் நம்புகிறார்கள். ஆனால் எவ்வளவு தின்னும் என்பது வேறு கேள்வி. ஸ்டேஜிங்கில் ஓடியது எல்லாம் புரொடக்‌ஷனில் அப்படியே ஓடாது என்று எங்களுக்கும் தெரியும்தானே.

அதே நிலையத்தில் பின்னர் 136 வகை சைலேஜை வளரும் மாடுகளுக்கே நேரடியாகக் கொடுத்து, எது எவ்வளவு தின்றது என்று அளந்து, அதை அகச்சிவப்புக் கதிர் அளவீட்டோடு இணைத்தார்கள். 1998இல் வெளியான ஆய்வு. இன்று வட அயர்லாந்து விவசாயி ஒருவர் ஒரு பை சைலேஜை ஆய்வகத்துக்கு அனுப்பினால், மாடு இதை எவ்வளவு தின்னும் என்று முன்கூட்டியே ஒரு எண் வருவதன் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிப்பதைவிட, கேட்க வேண்டியவரிடமே கேட்பது நல்லது.

மாமாவுக்குப் போன பதில்

சரி, மாமாவின் மாடு 350 கிலோ, மேச்சேரி பெண் ஆடு சுமார் 25 கிலோ. கறவை மாடு எடையில் மூன்று சதவீதம் என்று வைத்தால் பத்தரை கிலோ உலர் எடை. இரண்டு மாட்டுக்கு 21 கிலோ. ஆட்டுக்கு அந்த 75 கிராம் கணக்கில் 0.84 கிலோ. இருபத்தைந்து ஆட்டுக்கு? அதுவும் 21 கிலோ.

அதாவது கொறிக்கிற இருபத்தைந்து ஆடும், மேய்கிற இரண்டு மாடும் சரிக்குச் சரி. மக்காச்சோள சைலேஜில் உலர் எடை 30 சதவீதம் என்று வைத்தால், ஆடுகளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு எழுபது கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் ஒன்றரைக்குச் சற்றுக் கீழே. மாடுகளுக்காவது பாதி வயிறு புண்ணாக்கும் தவிடும் நிரப்புகிறது. ஆட்டுக்கு இதை மட்டுமே வயிறு நிறையப் போட்டால் சைலேஜ் செலவு இரண்டு மடங்கு இல்லை, அதற்கும் மேலே போகும். நறுக்காமல் போட்டால் இவ்வளவு தின்னாது என்பது உண்மை. ஆனால் அது மிச்சம் ஆகாது, ஆட்டின் எடைதான் குறையும்.

பணத்தை விடவும் முக்கியமான விஷயம் வேறு மூன்று. ஊரில் பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் உங்களுக்கும் இருந்தால் இதை மட்டும் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒன்று, கெட்டுப்போன சைலேஜ். காற்றுப் புகுந்து, மண் கலந்து, அமிலம் சரியாக ஏறாமல் பி.எச். 5க்கு மேல் நின்றுபோன சைலேஜில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளரும். மாட்டையும் தாக்கும், ஆனால் ஆட்டைத்தான் சுலபமாகச் சாய்க்கும். மூளையைப் பிடித்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமாகவே சுற்றி வரும். சினை ஆடு கருச்சிதைந்து போகும். மாட்டுத் தொட்டியில் மிச்சம் விழுந்ததை, பூஞ்சை பிடித்த ஓரத்தை, "வீணாப் போகுதே" என்று ஆட்டுக்குத் தள்ளுவது இதனால்தான் ஆபத்து. நம்ம ஊர் வெயிலில் மூட்டையைத் திறந்து நாலு நாள் வைத்திருக்கவே கூடாது.

இரண்டு, மாட்டுத் தீவனக் கலவை. மாட்டுக்குச் செய்த அடர்தீவனத்திலும் தாது உப்பிலும் செம்பு சேர்ந்திருக்கும். மாட்டுக்கு அது தேவை. செம்மறி ஆட்டின் ஈரல் செம்பை வெளியேற்றாமல் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் திடீரென்று விழும். பக்கத்தில் நிற்கிறது என்பதற்காக ஒரே தொட்டியில் இரண்டையும் தின்னவிடக் கூடாது.

மூன்று, மக்காச்சோள சைலேஜில் மாவுச்சத்து இருக்கும் அளவுக்குப் புரதம் இல்லை. ஆட்டுக்கு அகத்தி, வேலிமசால் மாதிரி ஏதாவது தழை கூட வேண்டும்.

மாமா இரண்டு நாள் பதில் போடவில்லை. அப்புறம் வந்தது: "செம்பு சமாச்சாரம் டாக்டர்கிட்டயும் கேட்டேனுங்க மாப்ள. அவரும் அதையேதான் சொல்றாரு. ஆட்டுக்கு நம்ம கொறங்காடே இருக்குதுங்களே." காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்குக் கொறங்காடு தெரியும். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளரவிட்டு, நடுநடுவே வெள்வேல மரம் நிற்கும் மேய்ச்சல் நிலம். ஆடு அங்கே தனக்கு வேண்டிய இளந்தழையையும் உதிர்ந்த காயையும் தானே தேடித் தின்னும். சின்ன வாய், பொறுக்கித் தின்னும் உதடு. சின்ன வயிற்றுக்கு ஏற்ற நல்ல சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கத்தான் அந்த உதடே. முடிவு இதுதான்: சைலேஜ் மாட்டுக்கு. ஆடு கொறங்காட்டுக்கு. புல் காய்ந்துபோகும் கோடையில் மட்டும் சாயங்காலம் ஆட்டுக்கு ஒரு கிலோ, நறுக்கியது, அன்றைக்குத் திறந்த மூட்டையில் இருந்து. இருபத்தைந்து ஆட்டுக்கு அரை மூட்டை. அதற்கு நானும் அண்ணனும் சரி என்றோம்.

நம்ம வீட்டுத் தொட்டி

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் அம்மா. பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. "அவன் தட்டைப் பாரு, இவ தட்டைப் பாரு. இவளுக்கு ஒண்ணுமே எறங்கறதில்ல. ரெண்டு வாய் ஊட்டி விடு சாமி." என் மனைவியின் முகம் மாறியது. உங்கள் வீட்டில் இந்தக் காட்சி இல்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

பிள்ளைகளை ஆடு மாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கு அதே கணக்கு. சின்னவள் 14 கிலோ. 56 கிலோ பெரியவர் ஒருவரின் எடையில் கால் பங்கு. அவளுக்குத் தேவை கால் பங்குச் சாப்பாடு இல்லை. முக்கால் அடுக்கில் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. வளர்வதற்கும் நாள் முழுக்க ஓடுவதற்கும் சேர்த்தால் ஏறக்குறைய பாதி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நம்மைவிட அதிகம் சாப்பிடுகிறாள். ஆனால் வயிறு சின்னது. ஒரே வேளையில் ஒரு குன்று சாதத்தை அவளால் இறக்க முடியாது. அதனால்தான் மூன்று வேளையோடு நடுவில் இரண்டு முறை சின்னதாக ஏதாவது கொடுங்கள் என்கிறார்கள். தண்ணியான ரசம் சாதத்தில் வயிறு நிரம்பிவிடும், தெம்பு ஏறாது. கொஞ்சம் பருப்பு, நெய், முட்டை, தயிர் சேர்ந்த சின்னக் கிண்ணம் அவளுக்குப் பெரிய சாப்பாடு.

அண்ணன் தட்டோடு தங்கை தட்டை ஒப்பிட்டால் வருவது சண்டைதான். இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிவப்புப் புத்தகம் கொடுக்கிறார்கள் அல்லவா, அதில் வளைகோடுகள் இருக்கும். எந்தக் கோட்டில் பிள்ளை இருக்கிறது என்பதைவிட, அதே கோட்டை ஒட்டிப் போகிறதா என்பதைத்தான் பார்க்கச் சொல்வார்கள். கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஹெல்த் விசிட்டரிடமோ டாக்டரிடமோ போக வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. கோட்டிலேயே போகிறது என்றால், தட்டில் மிச்சம் இருப்பதைப் பற்றி நாம் இரண்டு பிடி குறைவாகவே கவலைப்படலாம்.

விவசாயிகளும் அதையேதான் செய்கிறார்கள். ஆட்டின் இடுப்பு முதுகெலும்பைக் கையால் தடவிப் பார்த்து ஒன்றில் இருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். மாட்டுக்கும் ஒன்றில் இருந்து ஐந்து. ஆனால் ஆட்டின் மதிப்பெண்ணை மாட்டோடு யாரும் ஒப்பிடுவதில்லை. இந்த ஆடு போன மாதம் மூன்று, இந்த மாதம் இரண்டரை, ஏன்? கேள்வி அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நான் சதவீதமும் அடுக்கும் விளக்கவில்லை. "மேச்சேரி ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரே கூடையில தீனி வெப்பீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன். காட்டில் வளர்ந்தவர். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப அவளுக்கு நாலு மணிக்கு ஒரு முட்டை வேக வெச்சுக் குடு" என்றார். அன்றில் இருந்து நாலு மணி முட்டை எங்கள் வீட்டில் சட்டம். சின்னவள் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை அண்ணனிடம் தள்ளுகிறாள். அதற்கு இன்னும் எண் கண்டுபிடிக்கவில்லை.